ஆயிரம் கிலோமீட்டர் ஆயிற்று என்று எழுதினேன்

கார் பழுதுபார்ப்பதை நான் கற்றுக்கொண்டது, அதுவரை முகம் பார்த்திராத மனிதர்களிடம். கல்பாக்கம் குடியிருப்பில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஒரு கணினி இருந்தது. தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி அதில் செருகினால், கொஞ்ச நேரம் கிரீச்சிட்டுவிட்டு இணையம் வரும். நான் அதைக் கழற்றும்வரை யாரும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்ய முடியாது. என் மனைவிக்கு அதில் பெரிய மனக்குறை. "எங்க அம்மாவுக்கு ஏதாவது ஆனாக்கூட உங்க கார்பரேட்டர் சரியானப்புறம்தான் எனக்குத் தெரியும்" என்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், மாற்றலாகிப் போன ஒரு சக ஊழியரிடமிருந்து ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும் வகை. அந்த வகை வண்டிகளின் காலம் அப்போதே முடிந்துகொண்டிருந்தது. கூடுவாஞ்சேரியிலும் செங்கல்பட்டிலும் இருந்த மெக்கானிக்குகள் புதுக் கார்களுக்கு மாறிவிட்டார்கள். என் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், "வித்துடுங்க சார்" என்பதுதான் முதல் வைத்தியமாக இருந்தது.

விற்க மனமில்லை. அணு உலையில் கருவிகளைக் கவனிக்கும் பொறியாளன் நான். வால்வும் பம்பும், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலும் என் அன்றாடப் பிழைப்பு. ஒரு பழைய காரை என்னால் கவனித்துக்கொள்ள முடியாதா என்ற எண்ணம் இருந்தது. அப்படித் தேடியபோதுதான் அந்த வகைக் கார் வைத்திருப்பவர்களின் இணையக் குழு கண்ணில் பட்டது. நாடு முழுவதும் பரவிக் கிடந்தவர்கள். ஆங்கிலத்தில் எழுதுவோம். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அவரவர் வைத்துக்கொண்ட புனைபெயரும், வண்டியின் நிறமும், ஊரும்தான் அடையாளம்.

அவர்கள் சொல்லித்தந்த விதத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது என்று எழுதிவிட்டு ஸ்டாஃப் பஸ்ஸில் வேலைக்குப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் ஒருவர் டிஸ்டிரிபியூட்டரின் படம் வரைந்து போட்டிருப்பார். இன்னொருவர், "முதலில் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள்" என்று எழுதியிருப்பார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்தான் குழுவிலேயே அதிகம் அறிந்தவர். அவர் பதில் எப்போதும் கேள்வியாகவே வரும். எந்தக் கியரில் அந்தச் சத்தம், வண்டி சூடான பிறகா முன்பா, இடது பக்கம் திரும்பும்போதா? அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். நான் அவரை "சார்" என்றே எழுதினேன்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒரு பழுதைச் சரிசெய்து, செய்த முறையைப் படங்களோடு எழுதினால் எல்லோரும் பாராட்டுவார்கள். ஆனால் அதை உடனே பாடமாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். வண்டி அதற்குப் பிறகு ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். எழுதியவர் திரும்பி வந்து, ஆயிரம் ஆயிற்று, குறையில்லை என்று ஒரு வரி எழுத வேண்டும். அப்போதுதான் கோயம்புத்தூர்க்காரர் அந்தக் கட்டுரையைப் பக்கத்தின் உச்சியில் குத்திவைப்பார். அங்கே போய்விட்டால் அதை யாரும் மறுபடி கேள்வி கேட்பதில்லை. குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை நம்பி ஸ்பானரை எடுப்பார்கள். நான் எடுத்ததும் அப்படித்தான்.

மூன்று நான்கு வருடத்தில் நானும் தேறிவிட்டேன். அப்போதுதான் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிய ஆரம்பித்தது. பிரேக் டிரம்மைக் கழற்றினேன். சக்கரத்துக்குள் இருக்கும் சிறிய சிலிண்டரில், பிஸ்டனோடு சேர்ந்து ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர்கள் தேய்ந்திருந்தன. அதற்கு ரப்பர் கிட் என்று விற்பார்கள். செங்கல்பட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த வண்டிக்கா? சொல்லி வைக்கிறேன் சார். வந்தா வரும். வரலன்னா பழைய இரும்புக் கடையாண்ட போய்ப் பாரு."

காத்திருக்கப் பொறுமையில்லை. பழைய ரப்பர்களை அழுக்குப் போகட்டும் என்று பெட்ரோலில் ஊறப்போட்டேன். எடுத்துப் பார்த்தால் அவை பருத்து, பளபளவென்று, புதியவை போல இருந்தன. மறுபடி மாட்டினேன். குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தேன். கசிவு நின்றுவிட்டது. பெடலை மிதித்தால் கல்லைப் போல உறுதி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மைத்துனனிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கிப் படமெடுத்து, படிப்படியாக ஒரு கட்டுரை எழுதினேன். உலையில் வேலை முறைகளை எழுதிப் பழகிய கை. கட்டுரை நன்றாகவே வந்திருந்தது.

ரப்பர் கிட் கிடைக்காமல் எல்லா ஊரிலும் தவித்துக்கொண்டிருந்தார்கள். பாராட்டு குவிந்தது. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் இப்படி எழுதினார்: "நான் இதுவரை பிரேக் ஆயிலில் மட்டும்தான் ரப்பரைக் கழுவியிருக்கிறேன். பெட்ரோல் எனக்குப் புதிது. ஆயிரம் ஆனதும் சொல்லுங்கள்."

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மாமல்லபுரத்தில் உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு நானும் மனைவியும் கடற்கரைச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி இழுக்க மறுத்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. பிறகு நாற்றம். ஒரு மீனவக் குப்பத்து ஓரம் நிறுத்தினேன். பின்சக்கரத்திலிருந்து புகை வந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"இன்னா சார், சக்கரத்துல பொகை வந்துகினு கீது? உள்ள கருவாடு சுடுறியா?"

"தண்ணி ஊத்து அண்ணாத்த!"

"ஊத்தாதீங்க, டிரம் விரிசல் விட்டுடும்" என்றேன்.

"வெவரமாத்தான் பேசுறாரு. மெக்கானிக்காண்ட காட்டலியா சார்?"

"நானேதான் பார்த்தேன்."

"நீயேவா? அதான!" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. ஒரு பெண் என் மனைவியிடம், "நீ வாம்மா, இப்டி நெழலாண்ட குந்து. இதுங்க ஆறதுக்குள்ள பொழுது பூடும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

புகை அடங்கியதும் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பெடல் தரை வரை போயிற்று. பிடிப்பே இல்லை. பெடல் அப்படிப் போனது நிழலில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை. கயிறு கட்டி இழுத்து வந்து, மறுநாள் கழற்றினேன். ரப்பர்கள் உப்பிக் குழைந்து, பிஸ்டனை நகரவிடாமல் இறுக்கிக்கொண்டிருந்தன. அதனால் பிரேக் விடாமல் உரசி, சூடாகி, ஆயில் கொதித்திருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. பெட்ரோல் பட்டால் இந்த ரப்பர் ஊதும். அன்று கசிவு நின்றதும் பெடல் கல்லாக இருந்ததும் அது ஊதியதால்தான். எந்த ரப்பரை எந்தத் திரவத்தில் போடலாம் என்பது என் தொழிலில் முதல் பாடம். உலையில் ஒரு ரப்பர் சீலை மாற்றுவதானால் மூன்று பேரிடம் கேட்டிருப்பேன். வீட்டு வாசலில் என்னைக் கேட்க யாருமில்லை.

அந்த வாரமே செங்கல்பட்டுக் கடைக்குக் கிட் வந்துவிட்டது. புது ரப்பர் போட்டேன். பிரேக் ஆயிலில் மட்டும் கழுவினேன். வண்டி நன்றாக ஓடியது. கட்டுரையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன். தினமும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து கோயம்புத்தூர்க்காரர் கேட்டார்: "ஆயிரம் ஆயிற்றா?"

வண்டியின் கிலோமீட்டர் கணக்கின்படி ஆயிரம் ஆகியிருந்தது. நான் எழுதினேன்: "ஆயிற்று. ஒரு குறையும் இல்லை."

ஏன் எழுதினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கட்டுரைக்குக் கீழே நாற்பது ஐம்பது பேர் பாராட்டியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் என்னைவிட விவரமானவர்கள். அவர்கள் முன்னால், பெட்ரோலில் ரப்பரைப் போட்ட எஞ்சினியராக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் அதை அப்படியே செய்துபார்க்க மாட்டார்கள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்துபார்க்கத்தான் எழுதியிருந்தேன் என்பது எனக்குத் தெரியாததல்ல.

கட்டுரை பக்கத்தின் உச்சிக்குப் போயிற்று.

அந்த ஆண்டு குழுவினர் மாமல்லபுரத்தில் சந்திப்பதென்று முடிவாயிற்று. சவுக்குத் தோப்பு ஒன்றில் எங்கள் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒல்லியான ஒரு இளைஞர் என்னிடம் ஓடி வந்தார். மீசைகூடச் சரியாக வரவில்லை.

"ஏனுங் அங்கிள், பச்சை வண்டி நீங்கதானுங்களே? நாந்தானுங்க, கோயமுத்தூரு."

நான் வருடக்கணக்கில் சார் என்று எழுதி வந்தது என் மகன் வயதுப் பையனுக்கு. இருவரும் சிரித்தோம். அவர் கையில் கிரீஸ் கறை இருந்தது. வழியில் வேறு யாருடைய வண்டியையோ சரிசெய்துவிட்டு வந்திருந்தார்.

அங்கே ஏலகிரி மலையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரும் மனைவியும் வந்திருந்தார்கள். குழுவின் வழக்கப்படி அவரையும் புனைபெயரில்தான் கூப்பிட்டோம். சொந்தப் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் காரிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து காட்டினார். என் கட்டுரை. லேமினேட் செய்திருந்தார்.

"ஆயில் கை பட்டா அழிஞ்சிடும்ல சார், அதான். எனக்கும் பின்னாடி லேசா கசியுது. கிட் எங்கயும் கெடைக்கல. லீவு விட்டதும் இதை வச்சு நானே செய்யப் போறேன்."

அவர் மனைவி குறுக்கிட்டார். "ஸ்கூல்ல பசங்க இவரு பேச்சக் கேக்க மாட்டாங்க. அதான் வண்டிக்குப் பாடம் எடுக்கறாரு."

"வண்டியாவது பாஸ் ஆவும்" என்றார் அவர்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். இவரு கையால பிரேக் ரிப்பேர் பண்ணா, அந்த வண்டில நான் உக்காரலாமா?"

கோயம்புத்தூர் இளைஞர் பக்கத்திலேயே நின்றார். வேறு சிலரும் இருந்தார்கள். "தாராளமா உக்காரலாம்மா" என்றேன்.

அன்று மதியம் முழுக்க அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சாம்பார் சாதத்தைப் பற்றிப் பேசினார். நானும் சாம்பார் சாதத்தைப் பற்றிப் பேசினேன்.

கோடை விடுமுறை தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்துக்கொண்டே குழுவைத் திறந்தேன். ஆசிரியர் முந்தின நாள் மாலை எழுதியிருந்தார். போன வாரம் பிரேக் வேலையைத் தானே முடித்தாராம். கசிவு நின்றுவிட்டதாம். பெடல் கல்லைப் போல இருக்கிறதாம். எனக்கு நன்றி சொல்லியிருந்தார். நாளைக் காலை மனைவி, மகளோடு மலையிறங்கித் திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம், இதுதான் முதல் பெரிய ஓட்டம் என்று முடித்திருந்தார்.

கல்லைப் போல என்பது என் சொல். அந்தக் கல் எத்தனை நாள் தாங்கும் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"வண்டியை எடுக்காதீர்கள்" என்று உடனே எழுதினேன். எழுதிய பிறகுதான், அவர் விடுமுறையிலும் பள்ளிக்குப் போய் அங்குள்ள கணினியிலிருந்து எழுதுகிறவர் என்பது நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி ஏது? கோயம்புத்தூர் இளைஞரின் எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன்.

"ஏலகிரி வாத்தியார் நம்பர் இருக்கா தம்பி?"

"அவருக்குச் செல்லு இல்லீங்களே அங்கிள். ஏனுங், என்னாச்சுங்க?"

சொன்னேன். நடந்ததையெல்லாம் முதன்முதலாக ஒரு மனிதரிடம் சொன்னேன்.

"ஆயிரம் ஆச்சுன்னு எழுதுனீங்களேங்க" என்றார்.

பிறகு, தனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

டெலிபோன் விசாரணைக்குப் போட்டேன். ஏலகிரியில் யார் என்று கேட்டாள் அந்தப் பெண். ஒரு வாத்தியார் என்றேன். பேர் சொல்லுங்க சார் என்றாள். பள்ளியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வைத்துவிட்டேன்.

கார் சாவியை எடுத்தேன். மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஏலகிரிக்கு. ஒருத்தர் வண்டில பிரேக் போகப் போகுது."

"யாரு?"

"குழுவுல இருக்கார்."

"பேரு என்ன?"

"தெரியாது."

"வீடு எங்க?"

"தெரியாது."

"இங்கேருந்து ஏலகிரி போய்ச் சேர மத்தியானம் ஆயிடும். அவங்க காலைலயே எறங்கியிருப்பாங்க இல்ல? நீங்க போய் என்ன செய்வீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

ஆனாலும் கிளம்பினேன். செங்கல்பட்டு வரை போனேன். காஞ்சிபுரம் சாலை பிரியும் இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். கடிகாரம் பார்த்தேன். முகூர்த்த நேரம் எப்போதோ கடந்திருந்தது. அவர்கள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பஸ்கள் ஹாரன் அடித்துக் கடந்தன. என் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். அது மிக நன்றாக இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

மூன்றாம் நாள் இளைஞர் போன் செய்தார். எப்படியோ விசாரித்திருந்தார். போகும்போது ஒன்றும் ஆகவில்லையாம். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் உரசிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். ஏதோ நாற்றம் வருகிறது என்று மகள் சொன்னாளாம். கடைசி வளைவுகளில் ஒன்றில் பெடல் தரைக்குப் போய்விட்டது. ஆசிரியர் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கச் சுவரில் வண்டியை உரசி நிறுத்தியிருக்கிறார். அவருக்கும் மகளுக்கும் சிராய்ப்பு. முன்னிருக்கையில் இருந்த மனைவிக்குத்தான் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது; திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

"போகும்போது ஒன்றும் ஆகவில்லை" என்று அவர் தொடங்கியபோது, எல்லாம் சரியாகப் போய்விட்டது என்றுதான் முதலில் எண்ணினேன். மலைமேல் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நிமிட நிம்மதியை நினைத்தாலும் எனக்கு இப்போது கூசுகிறது.

ஆசிரியர் சில வாரம் கழித்துக் குழுவுக்கு வந்தார். நான் எழுதிய எச்சரிக்கையை அவர் அதுவரை படிக்கவில்லை போலும். நேராகத் தன் கதையை எழுதினார். ஏர் எடுப்பதில் தான் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும், கட்டுரையில் எந்தப் பிழையும் இல்லை, புதியவர்கள் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தார். எனக்கு அவப்பெயர் வந்துவிடக்கூடாதென்று கவலைப்பட்டிருந்தார்.

அன்று நான் எல்லாவற்றையும் எழுதினேன். பெட்ரோல், குப்பத்து ஓரம் வந்த புகை, புது ரப்பர், ஆயிரம் என்று எழுதிய பொய். கட்டுரையை இளைஞர் அந்த ஞாயிறன்றே உச்சியிலிருந்து எடுத்துவிட்டு, காரணம் எழுதுவதை எனக்கு விட்டிருந்தார். என்னை யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், அந்தக் கட்டுரையைப் பார்த்துத் தானும் ரப்பரை ஊறப்போட்டு மாட்டியிருப்பதாகவும் இப்போதே கழற்றப்போவதாகவும் எழுதினார். வேறு தளங்களில் அதைப் பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள். அவற்றை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். சிலர் எடுத்தார்கள். சிலரிடமிருந்து பதிலே வரவில்லை. என் படங்களோடு, என் பச்சை வண்டியின் சக்கரத்தோடு, அது எங்கெங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆசிரியர் குழுவில் பதில் எழுதவில்லை. எனக்குத் தனியாக ஒரே வரி அனுப்பினார்.

"தோப்பில் என் மனைவி உங்களிடம் கேட்டாளே, அப்போது உங்களுக்குத் தெரியுமா?"

நீளமாக ஒரு பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டிருந்தேன், ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிக் கேட்டிருந்தேன், நேரில் வரலாமா என்று கேட்டிருந்தேன். படித்துப் பார்த்தபோது, கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "தெரியும்" என்று மட்டும் அனுப்பினேன். அடுத்த நாள், அழித்ததையெல்லாம் திரும்ப எழுதி அதையும் அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை.

அவர் குழுவைவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வண்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார். புதியவர்களுக்கு, குறிப்பாகப் பிரேக் பற்றிக் கேட்பவர்களுக்கு, பொறுமையாகப் பதில் எழுதினார். கோயம்புத்தூர் இளைஞரைப் போலவே கேள்விகளாகக் கேட்டார். நான் எதையாவது எழுதியிருந்தால், அதற்கு மேலும் கீழும் எழுதுவார். என் வரிகளைத் தொட மாட்டார். அவர் மனைவி நடக்கிறாரா என்று அவரிடமே கேட்க எனக்கு வழியில்லை. இளைஞரிடம் ஒருமுறை கேட்டேன். "தெரியலீங்க அங்கிள்" என்றார். தெரிந்தும் சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தத் தளத்தில், இணையத்தில் இருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். வேலைக்குக் கிளம்புமுன் காலையில் திறந்தால், பல நாள் அவர் பெயருக்கு அருகில் அது இருக்கும். அவரும் பள்ளிக்கு முன் கொஞ்ச நேரம் உட்காருவார் போலிருக்கிறது. என் பெயருக்கு அருகில் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் ஒன்றும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அவருடையது அணைந்துவிடும். நான் ஸ்டாஃப் பஸ்ஸுக்குக் கிளம்புவேன்.